தேக்காவில் ஒரு தோசைக்கல்

முதலாம் நாள், கிளிநொச்சி

பையை மூன்றாவது தடவையாகப் பிரித்துக் கட்டிவிட்டேன். வறுத்து இடித்த தூள் 2 கிலோ, ஒடியல் மா, குரக்கன் மா, பனங்கட்டி. சிங்கப்பூரில் இருக்கிற தங்கச்சி கேட்டது தூள் மட்டும். மற்றதெல்லாம் அம்மாவின் திருவிளையாடல். இரவு பத்து மணிக்கு நீர்கொழும்பு வழியாகப் போகிற பஸ். விடியப்புறம் கட்டுநாயக்கா விமான நிலையத்தடியில் இறங்கிவிடலாம்.

கடைக்கு ஒன்பது நாள் லீவு சொல்லியாயிற்று. கடை என்றால், ஏ9 வீதியோரம் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து நடத்துகிற சாப்பாட்டுக் கடை. புட்டு, இடியப்பம், கூழ் என் பொறுப்பு. தோசைக்கல்லுக்கு மலையாளபுரத்து அக்கா. எங்களிடம் இரண்டு தோசை உண்டு. ஒன்று நாங்கள் வீட்டில் சுடுகிற மஞ்சள் தோசை. உழுந்தோடு கோதுமை மா கரைத்து, மஞ்சள் போட்டு, வெங்காயம், செத்தல் மிளகாய், சின்னச்சீரகம் எல்லாம் தாளித்து மாவுக்குள்ளேயே கொட்டித் தடிப்பாகச் சுடுவது. மற்றது அக்காவின் தோசை. வெள்ளை, மெல்லிசு, ஓரம் முறுகல், பக்கத்தில் சாம்பார். பலகையில் முதலாவதற்கு ‘தோசை’ என்றும் இரண்டாவதற்கு ‘இந்தியத் தோசை’ என்றும் எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான்.

அக்கா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. கொள்ளுத்தாத்தா புதுக்கோட்டைப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர் என்பது மட்டும் தெரியும். 1948இல் சட்டம் போட்டுத் தோட்டத் தமிழரின் பிரஜாவுரிமையைப் பறித்தது, 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் தலைக்கணக்குப் போட்டது, எல்லாம் அவர் பிறக்க முன் நடந்தவை. அந்தக் கணக்கில் அவருடைய பெரியப்பா ஒருவர் கப்பலேறிப் போனார். கொஞ்ச நாள் கடிதம் வந்ததாம், பிறகு அதுவும் இல்லை. 1977 கலவரத்தில் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வன்னிக்கு ஓடி வந்த குடும்பங்களில் அக்காவினுடையதும் ஒன்று. அப்போது அவருக்கு நாலு வயது.

இன்று கடை பூட்டும்போது சொன்னார்: “அந்த ஊர்ல நம்ம ஆளுக கட நெறையா இருக்காம்ல. தோச எப்புடிச் சுடுறாங்கன்னு நல்லா பாத்துட்டு வந்து சொல்லு. சும்மா தின்னுட்டு வந்துறாத.”

இரண்டாம் நாள், சிங்கப்பூர்

தூள் பை வெடித்துவிட்டது. விமான நிலையத்தில் பெட்டி சுற்றிக்கொண்டு வரும்போதே ஒரு மூலை சிவந்திருந்தது. திறந்து பார்த்தால் தங்கச்சிக்கு என்று வாங்கிய பச்சைச் சேலை கிளிச் சொண்டு மாதிரி. பக்கத்தில் நின்ற சீன அம்மா நாலு தும்மல் தும்மிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். மிஞ்சியது ஒன்றரைக் கிலோ இருக்கும்.

வானத்தில் நாலு மணித்தியாலம். கடிகாரத்தை இரண்டரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். ரயில் நிலையப் பலகைகளில் தமிழ். எச்சரிக்கைகளிலும் தமிழ். எங்களுடைய நாட்டில் சில கந்தோர்களில் தமிழ்ப் பலகையைப் படித்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டு வந்தவள் நான், இங்கே எழுத்துப் பிழை தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. நித்திரை வருகிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

மூன்றாம் நாள், தேக்கா

தேக்கா என்றால் தேக்கு மரமாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். ஹொக்கியன் சீனத்தில் மூங்கிலடி என்று பொருளாம். முன்பு இந்த இடத்தில் மூங்கில் நின்றது, மாட்டுப் பட்டிகள் இருந்தன. பக்கத்துத் தெருக்களுக்கு இன்னும் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்றுதான் பெயர். கெர்பாவ் என்றாலும் மலாயில் எருமைதான். மாட்டு வியாபாரத்தோடு வந்த இந்தியர்கள் அப்படியே தங்கி, கடை போட்டு, கோயில் கட்டி, இன்றைக்கு லிட்டில் இந்தியா. 1915இல் தொடங்கிய சந்தை 1982இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறியிருக்கிறது.

கீழே ஒரு பக்கம் மீனும் இறைச்சியும் மரக்கறியும். மறுபக்கம் சாப்பாட்டுக் கடைகள். மரக்கறிப் பக்கத்தில் முருங்கைக்காய், வாழைப்பூ, பாகற்காய், எல்லாம் எங்கள் பரந்தன் சந்தை மாதிரி. ஒரு தட்டில் கறிவேப்பிலை கட்டுக் கட்டாக, விலை போட்டு. கறிவேப்பிலைக்குக் காசு கொடுக்கிற ஊரில் தங்கச்சி எப்படிக் குடும்பம் நடத்துகிறாள் என்று அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அம்மா அடுத்த முறை கறிவேப்பிலைக் கன்று கொண்டு போ என்கிறார். தூளே போய்ச் சேரவில்லை.

சாப்பாட்டுப் பக்கத்தில் முதல் அவமானம். இருக்க இடமில்லை. ஒரு மேசை காலியாகக் கிடந்தது, அதில் ஒரு சின்ன டிஷு பக்கற். யாரோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று எடுத்து ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். தங்கச்சி ஓடி வந்து கையைப் பிடித்து எழுப்பினாள். டிஷு பக்கற் வைத்தால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தமாம். நாங்கள் பஸ்ஸில் யன்னலால் லேஞ்சியைப் போட்டு சீற் பிடிப்போமே, அதே வேலைதான். அதன் பிறகு நான் குறை சொல்லவில்லை.

“புட்டு” என்று ஒரு கடையில் எழுதியிருந்ததைக் கண்டு சந்தோசமாகப் போய்ப் புட்டு கேட்டேன். என் தொழில் அல்லவா. வந்தது இடியப்பம். நாலு இடியப்பம், மேலே தேங்காய்ப்பூ, பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் சீனி. “அண்ணன், புட்டு கேட்டனான்” என்றேன். “இதுதாம்மா புட்டு மாயம்” என்றார் அவர். சரியான பெயர்தான், புட்டு மாயமாகி இடியப்பம் வந்துவிட்டது. சொதி இருக்கிறதா என்று கேட்க வாய் உன்னியது, அடக்கிக்கொண்டேன்.

சாப்பிடும்போதுதான் ஒன்று தொண்டையில் சிக்கியது. எங்கள் கடையில் காலைச் சனம் குறைந்த பிறகு அக்கா இரண்டு இடியப்பத்தை எடுத்து, சீனியும் தேங்காய்ப்பூவும் தூவிச் சாப்பிடுவார். நான் ஒவ்வொரு முறையும் “இதென்ன அக்கா, பல்லு முளைக்காத பிள்ளையின்ர சாப்பாடு” என்று சிரிப்பேன். அவரும் சிரிப்பார். இங்கே அதற்கு வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்தது பரோட்டாக் கடை. அரை மணித்தியாலம் அசையாமல் நின்றேன். நெய்யில் ஊறிப் பளபளவென்று இருக்கிற மா உருண்டை. அதை உள்ளங்கையால் அமத்துகிறார். பிறகு இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்து மேசையில் ஓங்கி விசிறுகிறார். ஒவ்வொரு விசிறலுக்கும் மா ஒரு சாண் அகலுகிறது. நாலாவது விசிறலில் மேசையின் கோடு மாவுக்குள்ளால் தெரிகிறது. எங்கேயும் கிழியவில்லை. நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போடுகிறார், திருப்புகிறார், எடுத்த கையோடு இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பட்டென்று ஒரு தட்டு. மடிப்பெல்லாம் பூ மாதிரி விரிகிறது. எங்கள் கொத்துக் கடைப் பெடியள் அந்தக் கடைசித் தட்டைச் செய்வதில்லை. அவர்களுக்குத் தேவையுமில்லை, எப்படியும் வெட்டித்தானே போடப் போகிறார்கள்.

“ரெண்டு கோசோங்!” என்று கத்தினார் ஒருவர். கோசோங் என்றால் மலாயில் வெறுமை, அதாவது முட்டை போடாத வெறும் பரோட்டா. தேத்தண்ணிக்கும் இப்படி ஒரு பாஷை. ‘தே’ என்றால் பால்தேத்தண்ணி, ‘தே ஓ’ என்றால் எங்கள் பிளேன்ரீ, ‘தே ஹாலியா’ என்றால் இஞ்சி போட்டது. ஒரு தமிழ் அண்ணன் ஆற்ற, ஒரு சீன ஐயா மலாயில் கேட்டு வாங்கிப் போகிறார்.

தட்டை அப்படியே விட்டுவிட்டு எழும்பினால் பிழை. 2021 செப்டம்பரிலிருந்து சாப்பிட்டவர்தான் தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம். ஹலால் தட்டுக்கு ஒரு இடம், மற்றதற்கு வேறு இடம். இந்தச் சட்டத்தை எங்கள் கடைக்குக் கொண்டு வந்தால் பாதி வாடிக்கை போய்விடும். முக்கியமாக ஆண்கள்.

நான்காம் நாள்

மழை. வீட்டிலேயே இருந்தேன். பதினோராம் மாடி. தங்கச்சியின் மகனுக்கு ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுத்தேன், ஒரு கரண்டி குடித்துவிட்டு “பெரியம்மா, இதில ஏன் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டிருக்கிறீங்கள்?” என்றான். பதில் தெரியவில்லை.

ஐந்தாம் நாள், சிராங்கூன் ரோடு

இன்று அக்கா சொன்ன வேலை. 1947இல் தொடங்கிய கோமளவிலாஸுக்குப் போனோம். இதை விடப் பழையது ஆனந்தபவன், 1924. அதற்கும் பிறகு போனோம், ஆனால் வயிற்றில் இடமில்லாமல் கோப்பி மட்டும்.

தோசை வந்தது. தட்டை விட நீளம். சாம்பார், இரண்டு சட்னி. நான் முதலில் ஓரத்தைக் கிள்ளி வெறுமனே சாப்பிட்டுப் பார்த்தேன். மா நன்றாகப் புளித்திருந்தது. அரிசியும் உழுந்தும் அரைத்ததுதான், கோதுமை மா இல்லை. வெந்தயம் இருக்கிறது, நிறத்துக்கு அளவாக. அடி பொன்னிறம், மேலே வெண்மை, ஒரு பக்கம் மட்டும் சுட்டது. நாக்கில் வைத்ததும் எனக்கு வேறு எந்த ஊரும் நினைவுக்கு வரவில்லை. அது அக்காவின் தோசை. சாம்பார் மட்டும் இங்கே கொஞ்சம் இனிப்புத் தட்டுகிறது. அக்காவின் சாம்பார் உறைப்பு, எங்கள் வாடிக்கையாளர் வற்புறுத்தி அவரை மாற்றிய உறைப்பு.

பக்கத்து மேசையில் ஒரு வட இந்தியக் குடும்பம், அதற்கங்கால் இரண்டு சீனப் பெண்கள், கையால் சாப்பிடப் பழகிக்கொண்டு. எல்லோருடைய தட்டிலும் தோசை. அட்டையில் ‘தோசை’ என்றுதான் இருந்தது. முன்னால் ஒட்டுச் சொல் ஒன்றும் இல்லை.

இரவு, வாட்ஸ்அப்பில் அக்காவுக்குப் படம் அனுப்பினேன். குரல் பதிவு வந்தது: “கல்லு எவ்வளவு பெருசு? நடுவுல குழிஞ்சிருக்கா, தட்டையா? எண்ணெய எதுல தொட்டுத் தேய்க்கிறாங்க, வெங்காயமா துணியா?” குசினிக்குள் யார் என்னை விடுவார்கள்! எட்டிப் பார்த்தவரையில் தட்டையான பெரிய கல், ஒரே நேரத்தில் ஆறேழு தோசை. மாவை ஊற்றும் முன் தண்ணீர் தெளித்து ஈர்க்குவிளக்குமாற்றால் கல்லை ஒரு இழுப்பு இழுக்கிறார்கள். அதைச் சொன்னேன். “வெளக்குமாறா!” என்று மட்டும் பதில் வந்தது.

தங்கச்சியின் கணவர் சம்பளம் எடுத்த நாள் என்று ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீன்தலைக் கறி சாப்பிடக் கூட்டிப் போனார். வாழையிலை, சோறு, சட்டி நிறைய செக்கச் சிவந்த குழம்பு, நடுவில் என் தலையளவு ஒரு தலை. இது இந்தியாவில் இருந்து அப்படியே வந்த கறி இல்லையாம். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேரளத்திலிருந்து வந்த சமையல்காரர் ஒருவர், சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்து, தன் ஊர்க் குழம்புக்குள் தலையைப் போட்டாராம். வெண்டிக்காயும் கத்தரிக்காயும் கிடந்து ஊறியிருந்தன. புளி நன்று. எங்கள் வறுத்த தூளின் மணம் இல்லாமல் எனக்குக் குழம்பு பாதிதான். ஆனால் அந்தக் கன்னச் சதை! இரணைமடு விராலில் இவ்வளவு கன்னம் கிடையாது. கண்ணை யார் சாப்பிடுவது என்று பார்த்தால், மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாப்பிட்டேன்.

ஆறாம் நாள், ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த ஆண்கள், வாரத்தில் கிடைக்கிற ஒரு நாளைக் கழிக்க வந்திருப்பவர்கள், புல்வெளி, நடைபாதை, படிக்கட்டு எல்லாம். தோளில் தோள் உரசுகிறது. எல்லோர் கையிலும் தொலைபேசி, எதிர்ப்பக்கம் ஊர்.

தங்கச்சிக்கு வேலை, நான் தனியாகப் போய்த் தேக்காவில் வடையும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு ஒரு மேசையில் இடம் கேட்டேன். இருந்த தம்பி, “உக்காருங்கக்கா. கேரளாவா?” என்றார். எங்கள் தமிழைக் கேட்டால் எல்லோருக்கும் மலையாளம்தான் நினைவுக்கு வருகிறது. “இல்லைத் தம்பி, இலங்கை.” “இலங்கைல எங்க?” “வன்னி.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நான் ஆறாவது படிக்கிறப்ப டிவில பாத்தோம்க்கா. எங்க அப்பா சாப்புடாம எந்திரிச்சுப் போயிட்டாரு” என்றார். 2009ஐத்தான் சொல்கிறார். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. தன் தட்டில் இருந்த வடையை என் பக்கம் தள்ளினார். என்னிடமே இரண்டு இருந்தது. எடுத்துச் சாப்பிட்டேன்.

ஊர் எது என்று கேட்டேன். புதுக்கோட்டைப் பக்கம். கேட்க முன்பே எனக்குப் பாதி தெரிந்திருந்தது. “எந்திரிச்சு” என்று அவர் சொன்ன விதம். எங்கள் கடைக் குசினியில் ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற சொல்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். கிழமை நாளில் பார்சல் சாப்பாடாம். “விடியக்காலையில கொண்டாந்து வச்சிருவாங்க. பன்னெண்டு மணிக்குப் பிரிச்சா கொழம்பு நொரச்சிருக்கும். சில நாளு சோத்த மட்டும் தின்னுட்டு கொழம்பக் கொட்டிருவோம்.” தேங்காய்ப்பால் விட்ட கறி அத்தனை மணித்தியாலம் வெக்கையில் தாங்காது, புளி கூட்டிச் சுண்ட வைத்தால் தாங்கும் என்று நான் தொழில் விளக்கம் சொன்னேன். அவர் பணிவாகக் கேட்டார். சமைக்கிறவர் அவரில்லையே, நான் சொல்லி என்ன. 2009இல் செட்டிகுளம் முகாமில் எங்களுக்கும் பார்சல்தான் வந்தது, அப்போது நாங்களும் கொட்டியிருக்கிறோம், கொட்டாமல் சாப்பிட்டும் இருக்கிறோம்.

எழும்பும்போது, “ஞாயித்துக் கெழம இந்த தோசைக்குத்தான்க்கா பஸ் ஏறி வர்றேன்” என்றார்.

ஏழாம் நாள்

காலையில் சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயில். ஆங்கிலேயர் காலத்தில் கிளாக்கர் வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்தாரின் கோயில். அன்னதானத்தில் பக்கத்தில் இருந்த முதியவர் “எந்த ஊர் பிள்ளை?” என்றார். கிளிநொச்சி என்றேன். “அது சரி, யாழ்ப்பாணத்தில எவ்விடம்?” மூன்று தலைமுறைக்கு முன் கப்பலேறியவர்களிடமும் இந்தக் கேள்வி மட்டும் பழுதாகாமல் இருக்கிறது.

வரும் வழியில் தங்கச்சியின் கணவர் சொன்னார், இந்த நாட்டுக் கணக்கெடுப்பில் இலங்கைத் தமிழரும் ‘இந்தியர்’ என்ற பிரிவுக்குள்ளேதான் வருகிறார்களாம். தங்கச்சி முகத்தைச் சுளித்தாள். நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் மலையகத்திலிருந்து வந்தவர்களைக் குறிக்க ஒரு சொல் உண்டு. எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வருகிற ஒருவர் ஒரு நாள் அந்தச் சொல்லைச் சொல்லி, “அவையின்ர தோசை ஒண்டு தாங்கோ” என்றார். அக்கா கேட்டுக்கொண்டே மாவை ஊற்றினார். நானும் கேட்டேன், காசை வாங்கி மிச்சம் கொடுத்தேன். அதற்கு அடுத்த கிழமைதான் பலகையில் ‘இந்தியத் தோசை’ என்று எழுதினேன். மரியாதையான பெயர் வைத்துவிட்டேன் என்று அப்போது எனக்குள் ஒரு பெருமை.

பின்னேரம் பாத்திரக் கடையில் இரும்புத் தோசைக்கல் ஒன்று வாங்கினேன். தட்டையானது, மூன்றரைக் கிலோ. வெள்ளிக் கணக்கை ரூபாயாக்கிப் பார்க்காமல் காசைக் கொடுத்தேன். இங்கே டொலருக்கு வெள்ளி என்றுதான் பெயர். பார்த்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

ஒன்பதாம் நாள், கிளிநொச்சி

நேற்று முழுவதும் பயணம். கல்லைக் கைப்பையில் வைத்ததால் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் காட்ட வேண்டியதாகிவிட்டது. கடைசியில் அதைப் பெட்டிக்கு மாற்றி, பெட்டியிலிருந்த உடுப்பில் பாதியை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தேன்.

காலை ஐந்து மணிக்குக் கடைக்குப் போனேன். அக்கா ஏற்கனவே மாவைக் கலக்கிக்கொண்டிருந்தார். கல்லை எடுத்து வைத்ததும் முதலில் விரல் மொழியால் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு தூக்கிப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், “என்னா கனம்” என்றார். எவ்வளவு என்று கேட்டார். பாதி விலை சொன்னேன். அதற்கே திட்டு விழுந்தது.

இரண்டு நாள் எண்ணெய் பூசிப் பழக்காமல் புதுக் கல்லில் சுடக் கூடாது என்றவர், பத்து நிமிடம் கழித்துத் தானே அடுப்பில் வைத்துவிட்டார். முதல் தோசை ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாக வந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதுக்கு வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய் தேய் என்று தேய்த்தார். அது முழுதாக எழும்பியது, நடுவில் ஒரு ஓட்டையோடு. பிய்ந்ததையெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் நின்றபடி சாப்பிட்டோம். புதுக்கோட்டைத் தம்பியைப் பற்றிச் சொன்னேன். “எந்த ஊருன்னு சரியாக் கேட்டியா?” என்றார். கேட்கவில்லை. “கேட்டிருக்கலாம்ல” என்றார், அவ்வளவுதான்.

ஆறு மணிக்குச் சனம் வர முன், ஈரத் துணியை எடுத்துக்கொண்டு பலகையடிக்குப் போனேன். ‘இந்திய’ என்ற எழுத்தில் துணியை வைத்துவிட்டேன்.

“ஏய், அத ஏன் அழிக்கிற?” என்றார் அக்கா உள்ளேயிருந்து.

“ஏன் அக்கா, இதுவும் தோசைதானே. தோசை எண்டு மட்டும் இருக்கட்டும்.”

“அதுல இந்தியான்னு போட்டிருக்கதாலதான் இருபது ரூவா கூடக் குடுக்குறாங்க. அழிச்சுட்டா நாளைக்கு எல்லாம் ஒரே வெலைக்கு நிப்பாங்க. போயி புட்டப் பாரு, ஆவி வருது.”